டோரதி சிஸ்டருக்கு ஒரு ஆப்பிள் பை

பிரகாசத்துக்குச் சமையலறையில் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான், சப்பாத்தி மாவு பிசைவது. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மைசூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆன கை அது. கல்யாணமான புதிதில் டோரதி நைட் டியூட்டி முடித்து வந்து அலுத்துப்போய், "மாவையாவது பிசைஞ்சு வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள். மனிதர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார். குத்தி, மடித்து, மறுபடி குத்தி, காது மடல் மாதிரி மெத்தென்று ஆகும்வரை விடவில்லை. அன்றிலிருந்து அந்த இலாகா அவருடையதாகிவிட்டது. மற்றபடி வெந்நீர் வைக்கச் சொன்னாலும் பாத்திரத்தைக் கருக விட்டுவிடுவார் என்று டோரதி ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள்.

வாய்த்துடுக்கு டோரதிக்குக் கூடப்பிறந்தது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பெரிய பெரிய சர்ஜன்களே அவள் புருவத்தைப் பார்த்துத்தான் கையை நீட்டுவார்களாம். என்.ஆர். மொஹல்லாவில் அவர்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் டோரதி சிஸ்டர்தான். காய்ச்சல் என்று யார் வந்தாலும் மருந்துக்கு முன்னால் ஒரு திட்டு கிடைக்கும். பிரகாசம் எது செய்தாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அவரும் அதைக் கேட்காமல் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.

அப்படிப்பட்ட வீடு இப்போது சத்தமில்லாமல் கிடந்தது. டோரதிக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் ஆகி, கீமோ மருந்தெல்லாம் ஏற்றி முடித்தாயிற்று. முடி போனதற்கு அவள் கவலைப்படவில்லை, ஷாம்பூ மிச்சம் என்றாள். ஆனால் நாக்குச் செத்துப்போனதுதான் அவளை மடக்கிப் போட்டுவிட்டது. எதை வாயில் வைத்தாலும் பழைய இரும்பாணியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். சாப்பிடுவதையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டாள்.

"நாக்குத் தானா திரும்பி வரும். எப்பன்னு சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா சொன்னார். "ஆனா அதுக்குள்ள எடை இன்னும் இறங்கக் கூடாது. இறங்கினா ரேடியேஷனைத் தள்ளிப்போட வேண்டி வரும். எப்படியாவது சாப்பிட வைங்க."

எப்படியாவது என்ற அந்தச் சொல்லைப் பிரகாசம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காலையில் பக்கத்து வீட்டிலிருந்து வரும் ராகிக் கஞ்சி, கொஞ்ச நேரத்தில் இளநீர், அப்புறம் ஹார்லிக்ஸ், அப்புறம் அவர்களே குழைத்துக் கொடுத்த சாதம். தம்ளரும் கையுமாகக் கட்டில் பக்கத்திலேயே நின்றார். "இன்னும் ஒரு வாய். ஒரே ஒரு வாய்" என்பார். அவள் ஒரு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்த முதுகைப் பார்த்தபடியே அவர் அடுத்த தம்ளரை ஆற்ற ஆரம்பிப்பார்.

ஒருநாள் காலையில் அவளாகவே பேச்செடுத்தாள். எதிர்வீட்டில் யாரோ பாயசத்துக்கு நெய்யில் எதையோ வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நான் மிஷன் ஆஸ்பத்திரியில ட்ரெயினிங் எடுக்கறப்ப ஒரு வெள்ளைக்கார மேட்ரன் இருந்தாங்கன்னு சொல்லியிருக்கேன்ல. ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் எங்க எல்லாருக்கும் ஆப்பிள் பை பண்ணிக் குடுத்தாங்க. அவங்களே கையால பண்ணினது. சூடா இருந்துச்சு. மேல உதிரும், உள்ள புளிப்பும் தித்திப்புமா பட்டை வாசனையோட... அது மாதிரி அப்புறம் நான் எங்கயும் சாப்பிட்டதே இல்ல." போர்வை நுனியை நீவிவிட்டாள். "அது கிடைச்சா ஒருவேளை சாப்பிடுவேனோ என்னமோ."

பிரகாசத்துக்கு அந்த ஒருவேளை போதுமானதாக இருந்தது. அன்றைக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோகுலம் பக்கம் போனார். யோகா படிக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக அங்கே ஒரு கடையில் ஆப்பிள் பை வைத்திருந்தார்கள். அட்டைப் பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். டோரதி பெட்டியைத் திறந்து மோந்து பார்த்து மூடிவிட்டாள். ஃப்ரிட்ஜ் வாசனை அடிக்கிறதாம்.

சரி, நாமே செய்துவிடுவோம் என்று துணிந்துவிட்டார். புனேயில் இருக்கும் மகள் ஷெர்லிக்கு ஃபோன் போட, அவள் சிரித்து, கொஞ்சம் அழுது, பிறகு ஒரு வீடியோ அனுப்பிவைத்தாள். டோரதி தூங்கிக்கொண்டிருந்ததால் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைப் பார்த்தார். அதில் ஒரு வெள்ளைக்காரம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மாவை விரலால் பட்டும் படாமலும் கலந்து, உருட்டி ஓரமாக வைத்துவிட்டாள். பிசையவே இல்லை. இவ்வளவு சோம்பேறியாக இருந்தால் எப்படி, நாம் ஒழுங்காகப் பிசைந்துவிடுவோம் என்று பிரகாசம் நினைத்துக்கொண்டார். அந்தம்மா வாய் ஓயாமல் சொன்னதே, பிசையாதீர்கள் பிசையாதீர்கள் என்பதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தேவராஜ மார்க்கெட்டில் ஆப்பிள் விற்கும் மாதேவியிடம் போய், புளிக்கிற ஆப்பிள் வேண்டும் என்று கேட்டார். மாதேவிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஹுளி சேபு யாரு சார் கேள்த்தாரே?" என்றாள், புளிப்பு ஆப்பிளை யார் கேட்பார்கள் என்று. தித்திப்புக்குச் சத்தியம் செய்து விற்கிறவளிடம் வந்து புளிக்கிறதைக் கொடு என்றால் வேறென்ன சொல்வாள். விஷயத்தைச் சொன்னதும், மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த பழுக்காத பச்சைக் காய்களில் நல்லதாகப் பொறுக்கி, சிஸ்டருக்கு என்று சொல்லி இரண்டு சிவப்புப் பழத்தையும் மேலே வைத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் வேலை ஆரம்பமானது. மைதா, கடையில் வாங்கிய பாக்கெட் வெண்ணெய், சப்பாத்திக்குப் போடுகிற மாதிரி கைக்கணக்கில் தாராளமாக உப்பு. பாக்கெட் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு இருக்கும் என்பதை யார் கண்டது. குத்து குத்து என்று குத்தினார். காது மடல் பதம் வந்ததும் ஈரத்துணி போட்டு மூடினார். ஆப்பிளை நறுக்கி, சர்க்கரையும் பட்டைப்பொடியும் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தார். மாவை இரண்டு அப்பளமாக இட்டு, கிறிஸ்துமஸ் கேக் தட்டில் கீழே ஒன்று, நடுவே ஆப்பிள், மேலே ஒன்று என்று வைத்து ஓரத்தைச் சுற்றி அழுத்தி மூடினார்.

வீட்டில் ஓவன் கிடையாது. அந்தத் தெருவில் யாருக்கும் அது தேவைப்பட்டதும் இல்லை. டிசம்பர் வந்தால் கிறிஸ்தவ வீடுகளெல்லாம் கேக் மாவைக் கரைத்துத் தட்டில் ஊற்றி லிங்கப்பன் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். ப்ரெட்டும் பன்னும் வெந்து முடிந்து விறகடுப்பு ஆறிக்கொண்டு வரும் நேரத்தில் லிங்கப்பன் எல்லாத் தட்டையும் உள்ளே தள்ளி வேகவைத்துக் கொடுப்பார். தட்டு மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு அடையாளம். பிரகாசம் வீட்டுத் தட்டின் அடியில் பட்டறையில் எழுத்துக் குத்தும் உளியால் அடித்த டி என்ற எழுத்து இருக்கும்.

"என்னங்க சார், டிசம்பருக்கு இன்னும் நாள் கெடக்குதுங்களே. இப்பவே தட்டத் தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றார் லிங்கப்பன். ஹனூர்ப் பக்கத்து ஆள். மைசூருக்கு வந்து எத்தனையோ காலமாகியும் பேச்சில் ஊர் போகவில்லை.

"கேக் இல்லப்பா. ஆப்பிள் பை. சிஸ்டர் கேட்டா."

அதற்கு மேல் லிங்கப்பன் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை அவருக்கு அடுப்பில் கை வெந்தபோது, தினமும் வீட்டுக்கே வந்து கட்டுப் போட்டு, தினமும் திட்டிவிட்டுப் போனவள் டோரதி. தட்டை வாங்கி, நீளத் துடுப்பில் வைத்து, பத்திரமாக உள்ளே தள்ளினார்.

வெளியே வந்தபோது பார்க்க ஜோராக இருந்தது. பிரகாசம் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தியை வைத்தார். கத்தி இறங்கவில்லை. அமுக்கினார். தட்டு நகர்ந்ததே தவிர மேல் மாவு அசையவில்லை. கடைசியில் ரொட்டிக் கத்தியால் அறுத்து ஒரு துண்டைப் பெயர்த்து, டோரதியிடம் நீட்டினார்.

அவள் எழுந்து உட்கார்ந்து ஸ்பூனால் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். இன்னொரு தடவை போட்டுக்கொண்டாள். "நல்லாருக்கு" என்றாள்.

பிரகாசத்துக்கு அந்த வார்த்தை உதைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த எதையும் அவள் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. சப்பாத்தி மாவைக்கூட, "ம், பரவால்ல" என்பதற்கு மேல் சொன்னது கிடையாது. தட்டைச் சமையலறைக்கு எடுத்துப் போய் மிச்சத்தை வாயில் போட்டார். கருவாடு தோற்றது. அப்படி ஓர் உப்பு. அவர் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, குழாயை மூடாமல் அப்படியே நின்றார். இத்தனை உப்பையும் அவள் நாக்கு கண்டுகொள்ளவில்லை. நாக்கு திரும்பவே திரும்பாதோ என்ற பயம் வந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதார்.

திரும்பி வந்து, "அவ்வளவு உப்புக் கரிச்சுதே, சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலீங்க." அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "மண்ணும் அதுவும் எனக்கு ஒண்ணுதான். நீங்க அவ்வளவு பாடுபட்டுப் பண்ணியிருக்கீங்க, வேற என்ன சொல்ல? இனிமே பண்ணாதீங்க." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பட்டறையில் துருப்பிடித்த நட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மனிதர் இல்லை பிரகாசம். சில நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய் உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தார். மிச்சம் இருந்த ஆப்பிளை வெட்டி வைத்தார். உப்பு டப்பா இருந்த பக்கமே திரும்பவில்லை. அதைப் பார்த்தாலே அவருக்குக் கோபம் வந்தது. மாவில் வெண்ணெயைப் போட்டு முழங்கை வரைக்கும் பலத்தைத் திரட்டித் தொம் தொம் என்று குத்த ஆரம்பித்தார்.

"என்னங்க சத்தம் அது?"

திரும்பிப் பார்த்தால் டோரதி. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறாள். ஆபரேஷனுக்குப் போனதிலிருந்து அவள் சமையலறைக்குள் கால் வைத்ததில்லை.

"பைக்கு மாவு."

"அதைப் போட்டு இப்படியா கும்முவாங்க? கையை எடுங்க மொதல்ல." மூச்சு வாங்கியது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "மேட்ரன் விரல் நுனியால உதிர்ப்பாங்க. ஜில்லுனு தண்ணி தெளிச்சு, ஒண்ணு சேர்ந்ததும் விட்டுடுவாங்க. இதைப் பிசையவே கூடாதுங்க. அமுக்க அமுக்க அது விறைச்சுக்கும்."

பிரகாசம் மாவிலிருந்து கையை எடுத்தார். தனக்குத் தெரிந்த ஒரே வேலையையும் செய்யக் கூடாது என்கிறாளே என்று இருந்தது. "அப்ப என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா விடணும்." மாவிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். "என்னையும் இத்தனை நாளா இப்படித்தான் பிசையறீங்க."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. "நீ சாப்பிடலேன்னா ட்ரீட்மென்ட் தள்ளிப்போகும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. நான் வேற என்ன பண்ணுவேன், சொல்லு."

"அது எனக்குத் தெரியாதா? நானும் நர்ஸ்தானே. எனக்கும் பயமாத்தான் இருக்கு." அவள் கண் கலங்கியது, ஆனால் குரல் நேராகவே வந்தது. "ஆனா நீங்க ஒவ்வொரு வாய்லயும் உங்க பயத்தையும் சேர்த்து முழுங்கச் சொல்றீங்க. அதான் உள்ள இறங்க மாட்டேங்குது."

மாவு ஒட்டிய கையோடு அவர் நின்றார். கோபமும் வந்தது, அவமானமும் வந்தது, இரண்டுக்கும் அடியில் அவள் சொல்வது நிஜம் என்றும் தெரிந்தது. டோரதி மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் படுத்துக்கொண்டாள்.

பிரகாசம் அந்த மாவை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எடுத்தார். விரல் நுனியால் உதிர்த்தார். அந்தக் கைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை தானாக இறங்கப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் தெளித்து, மாவு ஒன்று சேர்ந்ததும், விரிசலும் வெடிப்புமாக இருந்ததை அப்படியே விட்டார். பார்க்கச் சகிக்கவில்லை.

லிங்கப்பனும் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போன தடவ நல்லா வழவழன்னு இருந்துச்சுங்களே சார். இது என்னங்க, இப்படிப் பிஞ்சு கெடக்குது?"

"அப்படித்தான் இருக்கணுமாம். வை."

வெந்து வந்தபோது ஓரத்தில் ஆப்பிள் சாறு பொங்கி வழிந்து கருகியிருந்தது. அவசரத்தில் தட்டை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, தட்டு மூடியைப் பேக்கரியிலேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கத்தியை வைத்ததும் மேல் மாவு பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு துண்டைத் தட்டில் எடுத்து, கட்டில் பக்கத்து முக்காலியில் வைத்து, ஸ்பூனையும் வைத்தார். ஒரு வாய் சாப்பிடு என்று நாக்கு நுனிவரை வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

வாசலில் செய்ய வேலை ஒன்றும் இல்லை. ஸ்கூட்டரைத் துடைத்தார். துடைத்த ஸ்கூட்டரையே மறுபடியும் துடைத்தார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்துவிடலாமா என்று கால் பரபரத்தது. தூங்கிவிட்டாளோ, தொடவே இல்லையோ, தொட்டுவிட்டு வைத்துவிட்டாளோ. ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போகிற நேரத்தில் உள்ளே ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டது.

"ஏங்க, இங்க வாங்க."

போனார். டோரதி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருவம் இரண்டும் நெரிந்து, பழைய தியேட்டர் முகம் வந்திருந்தது.

"மாவுல உப்பு போட்டீங்களா இல்லையா?"

"போடல" என்றார் பிரகாசம், திருடனைப் போல.

"அதானே பாத்தேன். சப்புன்னு இருக்கு. ஒரு சிட்டிகை போட்டா குறைஞ்சா போயிடுவீங்க? ஆப்பிள் மட்டும் நல்லாப் புளிக்குது, மாவு வெறும் மாவா இருக்கு. இத்தனை வருஷமா மாவு பிசையற மனுஷன், உப்பு போடணும்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். ஸ்பூனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி ஒரு விள்ளல் எடுத்து, அவசரமில்லாமல் வாயில் வைத்து, நாக்கில் புரட்டினாள்.

"புளிக்குதுங்க" என்றாள் மெதுவாக.

பிரகாசம் சமையலறைக்கு ஓடி, சில நாளாக முகம் கொடுக்காமல் இருந்த அந்த உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். டோரதி சிட்டிகை எடுத்து மேலே தூவி, மிச்சத் துண்டைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். லிங்கப்பன், மறந்துபோன தட்டு மூடியோடு நின்றிருந்தார்.

"எப்படிங்க சார் வந்துச்சு? சிஸ்டர் வாய்ல வச்சாங்களா?"

"உப்பு இல்லேன்னு திட்டறா லிங்கப்பா" என்றார் பிரகாசம். குரல் பிசிறியது. "சப்புன்னு இருக்குன்னு திட்டறா."

"அட, போகுதுங்க சார். அடுத்த வாட்டி பாத்துக்கலாமுங்க" என்று ஆறுதல் சொன்ன லிங்கப்பனுக்கு, திட்டு வாங்கின மனுஷன் எதற்கு இப்படிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறார் என்று விளங்கவில்லை.

"வாசல்ல நின்னு என்ன பேச்சு?" உள்ளேயிருந்து டோரதி சிஸ்டரின் குரல் வந்தது. "லிங்கப்பனை உள்ள கூப்பிட்டு ஒரு துண்டு குடுங்க. எனக்கும் இன்னொண்ணு வைங்க. சின்னதா."